ஆண்டு பிளவுபடாது: பாலம் கடப்போரும் வருமான வரியும்

ஜோகூர் பாருவில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்



இந்த மேடையில் இலக்கியமும் சமயமும் பேசுவதே வழக்கம். இம்முறை வருமான வரி. அழைப்பிதழைப் பார்த்துச் சிலர் முகம் சுளித்திருப்பீர்கள். ஆனால் அக்கரையான சிங்கப்பூரில் வேலை பார்க்கும் பிள்ளை இல்லாத தெரு இந்த ஊரில் இல்லை. அந்தப் பிள்ளைகள் ஜனவரி முதல் தேதி பார்த்துப் போவதில்லை. மார்ச்சில் போகிறார்கள், மே மாதம் போகிறார்கள், போனஸ் கைக்கு வந்த மறுமாதம் போகிறார்கள்.

இன்று நான் சொல்ல வந்தது ஒன்றுதான். மலேசிய வருமான வரிச் சட்டத்தில் ஆண்டு பிளவுபடாது. நாட்டை விட்டுப் போகும் ஆண்டில் நீங்கள் ஆண்டு முழுவதற்கும் குடியிருப்பாளர். இல்லையென்றால் ஆண்டு முழுவதற்கும் குடியிருப்பாளர் அல்லாதவர். ஏப்ரல் வரை ஒன்று, மே முதல் மற்றொன்று என்ற பேச்சுக்கே இடமில்லை. ஆகவே புறப்படும் தேதியை முடிவு செய்யும்போதே நாம் வரியையும் முடிவு செய்துவிடுகிறோம், அறிந்தோ அறியாமலோ.

துரையின் கவலையாக இருந்த வரி

மலாயாவிலும் சிங்கப்பூரிலும் வருமான வரி நிலையாக நடைமுறைக்கு வந்தது 1948இல். அதற்கான சட்டங்கள் 1947இல் இயற்றப்பட்டன. கூலாயிலும் குளுவாங்கிலும் ரெங்கத்திலும் பால்மரம் சீவிய நம் முன்னோர்க்கு அது எட்டாத சங்கதி. தோட்டச் சம்பளம் வரி வரம்பைத் தொடவில்லை. வரி என்பது பங்களாவில் இருந்த துரையின் கவலை. அதனால் இடம்பெயர்வு பற்றி நம் வீடுகளில் எத்தனையோ அறிவு வழிவழியாக வந்திருக்கிறது. வரி பற்றி எதுவும் வரவில்லை. படிவம் நிரப்பும் முதல் தலைமுறையோ இரண்டாம் தலைமுறையோதான் இங்கே அமர்ந்திருக்கிறது.

1924இல் முறைப்படி திறக்கப்பட்ட ஜோகூர் பாலத்தை நெடுங்காலம் நம்மவர்கள் கடப்பிதழ் இல்லாமலே கடந்தார்கள். 1965இல் சிங்கப்பூர் பிரிந்தது. 1967இல் பாலத்தில் கடப்பிதழ் கேட்கத் தொடங்கினார்கள். இன்றும் நம்மை ஆளும் வருமான வரிச் சட்டம் இயற்றப்பட்டதும் அதே 1967இல்தான். ஒரே நிலமாக இருந்தது இரண்டு நாடானபோது, ஒரே வாழ்க்கையை இரண்டு வரிக்கணக்காகப் பிரித்து எழுத வேண்டிய தேவையும் பிறந்துவிட்டது.

குடியுரிமை அல்ல, நாட்கணக்கு

முதலில் ஒரு தவறான எண்ணத்தை அகற்றிவிடுவோம். “நான் மலேசியக் குடிமகன், அடையாள அட்டை வைத்திருக்கிறேன், அதனால் நான் குடியிருப்பாளர்தானே?” என்று பலர் கேட்கிறார்கள். இல்லை. வெளிநாட்டில் பணியாற்றும் அரசு ஊழியர் போன்ற சில விதிவிலக்குகளைத் தவிர, சட்டத்தின் 7ஆம் பிரிவு குடியுரிமையைக் கேட்பதில்லை. எத்தனை நாள் நாட்டில் இருந்தீர்கள் என்றுதான் கேட்கிறது.

குடியிருப்பாளர் ஆவதற்கு நான்கு வழிகள் இருக்கின்றன. ஒன்று, அந்தக் காலண்டர் ஆண்டில் மொத்தம் 182 நாளோ அதற்கு மேலோ இங்கே இருப்பது. தொடர்ச்சியாக இருக்க வேண்டியதில்லை. இரண்டு, 182 நாளுக்குக் குறைவாக இருந்தாலும், அந்த நாட்கள் முந்தைய ஆண்டிலோ அடுத்த ஆண்டிலோ உள்ள 182 நாள் தொடர் இருப்போடு இணைந்திருப்பது. மூன்று, அந்த ஆண்டில் 90 நாளாவது இருந்து, முந்தைய நான்கு ஆண்டுகளில் மூன்றில் குடியிருப்பாளராகவோ தலா 90 நாள் இருந்தவராகவோ இருப்பது. நான்கு, முந்தைய மூன்று ஆண்டுகளும் அடுத்த ஆண்டும் குடியிருப்பாளராக இருப்பது. இதில் நாள் என்பது முழு நாள் அல்ல. நாளின் ஒரு பகுதி இங்கே இருந்தாலும் ஒரு நாள்தான்.

இந்தத் தகுதிக்கு ஏன் இத்தனை மதிப்பு என்பதைக் கணக்கு போட்டுப் பார்த்தால் தெரியும். மாதம் 8,000 ரிங்கிட் சம்பளம் வாங்கிய ஒருவர் ஏப்ரல் 30ஆம் தேதியோடு வேலையை விட்டுப் போகிறார் என்று வைத்துக்கொள்வோம். நான்கு மாத வருமானம் 32,000 ரிங்கிட். குடியிருப்பாளர் என்றால், தனிநபர் கழிவு 9,000 ரிங்கிட் போகும். ஊழியர் சேமநிதிக்குப் பிடித்த 3,520 ரிங்கிட் போகும். மிச்சம் 19,480. இன்றைய விகிதத்தில் அதற்கு வரி சுமார் 145 ரிங்கிட். வரிக்குரிய வருமானம் 35,000க்குள் இருப்பவர்க்கு 400 ரிங்கிட் தள்ளுபடி உண்டு. ஆக, கட்ட வேண்டியது ஒன்றுமில்லை. அதே மனிதர் குடியிருப்பாளர் அல்லாதவர் என்று முடிவானால் தனிநபர் கழிவு எதுவும் கிடையாது; முதல் ரிங்கிட்டிலிருந்தே 30 விழுக்காடு. 9,600 ரிங்கிட்.

நெடுநாள் இங்கேயே வாழ்ந்து ஏப்ரல் கடைசியில் போகிறவர்க்கு இந்த ஆபத்து இல்லை. சாதாரண ஆண்டில் ஏப்ரல் 30 வரை 120 நாள். மூன்றாம் வழியே அவரைக் காப்பாற்றிவிடும். ஆபத்து மார்ச் முடிவதற்குள் போகிறவர்க்குத்தான். அவர் இரண்டாம் வழியை, அதாவது முந்தைய ஆண்டோடுள்ள இணைப்பை நம்பியிருக்கிறார். அந்த இணைப்பு அறுந்துவிடக்கூடியது. வேலை நிமித்தமாகவோ உடல்நலக் குறைவாலோ வெளியே போயிருந்தால் அது தற்காலிக இல்லாமை, தொடர் அறுவதில்லை. ஆனால் உறவினரைப் பார்க்க, ஊர் சுற்ற, திருமணத்துக்குப் போன நாட்கள் மொத்தம் 14ஐத் தாண்டக்கூடாது.

நம் குடும்பங்கள் தமிழ்நாட்டுக்குப் போவது எப்போது? டிசம்பர் பள்ளி விடுமுறையில். ஒருவர் டிசம்பர் 20 அன்று திருச்சிக்கு விமானம் ஏறி, கோயில் குளமெல்லாம் பார்த்து, ஜனவரி 10 அன்று திரும்புகிறார். இடையில் 20 முழு நாட்கள். மார்ச் 15 அன்று லண்டனுக்கு வேலைக்குப் போய்விடுகிறார். புத்தாண்டில் அவர் இங்கே இருந்தது 65 நாள். 182 இல்லை, 90 இல்லை, முந்தைய ஆண்டோடு இணைப்பும் அறுந்துவிட்டது. அடுத்த ஆண்டும் லண்டனில்தான் என்பதால் நான்காம் வழியும் அடைபட்டது. இரண்டரை மாதச் சம்பளமான 20,000 ரிங்கிட்டுக்கு வரி 6,000 ரிங்கிட். இத்தனைக்கும் அவர் பிறந்ததிலிருந்து மாசாயில் வாழ்ந்தவராக இருக்கலாம். ஏப்ரல் 9 வரை தங்கியிருந்தால் 90 நாள் ஆகியிருக்கும். அல்லது அதே ஆண்டு தீபாவளியை ஒட்டி வந்து 25 நாள் அம்மா வீட்டில் இருந்தாலும் 90 ஆகிவிடும். வரி ஒரு பயணத்தால் கூடுகிறது, மற்றொரு பயணத்தால் குறைகிறது.

ஜோகூர்க்காரரின் சனி ஞாயிறு

ஒருவர் ஒருமுறை புறப்படுகிறார், போனவர் போனவர்தான் என்பது சட்டத்தின் கற்பனை. ஜோகூர்க்காரர் அப்படிப் போவதில்லை. வெள்ளிக்கிழமை இரவோ சனிக்கிழமை காலையோ உட்லண்ட்ஸ் சோதனைச்சாவடி வரிசையில் நின்று வீடு வந்து சேர்ந்துவிடுகிறார். 2025 ஜனவரி முதல் ஜோகூரின் வார விடுமுறையும் சனி ஞாயிறுக்குத் திரும்பிவிட்டதால், அக்கரை விடுமுறையும் இக்கரை விடுமுறையும் மறுபடி ஒன்றாகிவிட்டன.

இதையும் கணக்கில் வைத்துப் பாருங்கள். 2025 ஏப்ரல் 30 அன்று ஒருவர் சிங்கப்பூருக்குக் குடிபோகிறார். மே முதல் டிசம்பர் வரை சரியாக 35 வாரம். வாரம் இரண்டு நாள் வீட்டுக்கு வந்தால் 70 நாள். முன்பிருந்த 120 நாளோடு சேர்த்தால் 190. 182ஐத் தாண்டியாயிற்று! போய்விட்டதாக ஊரெல்லாம் சொன்னாலும், சட்டத்தின் கண்ணில் அவர் முழு ஆண்டும் இங்கேயே இருந்தவர். மறு ஆண்டு 52 வாரத்துக்கு 104 நாள். 90ஐத் தாண்டுகிறது, மூன்றாம் வழியில் மறுபடியும் குடியிருப்பாளர். தினமும் போய்வருபவரைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். அவர்க்கு ஏறக்குறைய எல்லா நாளும் மலேசிய நாள்தான்.

இந்த நாட்களுக்குச் சான்று என்ன? குடிநுழைவில் தானியங்கி வாயில் வழியாகப் போகும் மலேசியருக்குக் கடப்பிதழில் முத்திரை விழுவதில்லை. ஆகவே நாட்குறிப்பு ஒன்றை நாமே வைத்திருக்க வேண்டும். பேருந்து, ரயில், விமானச் சீட்டுகளையும் சம்பளச் சீட்டுகளையும் வாடகை ஒப்பந்தத்தையும் சேர்த்துவைக்க வேண்டும். வரி ஆவணங்களை 7 ஆண்டு பாதுகாக்கச் சட்டமே சொல்கிறது.

2020 மார்ச் 18 முதல் எல்லை மூடப்பட்டது நினைவிருக்கும். 2022 ஏப்ரல் 1 அன்று முழுமையாகத் திறக்கும்வரை எத்தனையோ பேர் அக்கரையிலேயே அகப்பட்டுக் கிடந்தார்கள். பயணத் தடையால் திரும்ப முடியாமற் போன நாட்களைத் தற்காலிக இல்லாமையாகக் கொள்ளலாம் என்று அப்போது உள்நாட்டு வருமான வரி வாரியம் விளக்கம் தர வேண்டியிருந்தது. எல்லையோர ஊரின் வாழ்க்கை நாட்கணக்கை எவ்வளவு நம்பியிருக்கிறது என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டியதில்லை.

போகுமுன் செய்ய வேண்டியவை

மூன்று மாதத்துக்கு மேல் நாட்டை விட்டுப் போகவிருக்கும் ஊழியரைப் பற்றி முதலாளி வாரியத்துக்குத் தெரிவிக்க வேண்டும். அதற்கான படிவம் சி.பி. 21. புறப்படுவதற்கு 30 நாளாவது முன்னதாக அது போய்ச்சேர வேண்டும். வேலையை விடுவதற்கான பொது அறிவிப்பு, தனியார் துறையில் சி.பி. 22ஏ. அறிவிப்பு கிடைத்த நாளிலிருந்து 90 நாள் வரை, அல்லது வரித் தீர்வுக் கடிதம் வரும்வரை, ஊழியருக்குத் தர வேண்டிய பணத்தை முதலாளி நிறுத்திவைக்க வேண்டும். கடைசிச் சம்பளம், விடுப்புக்கான பணம், போனஸ் எல்லாம் இதில் அடங்கும். இது முதலாளியின் வஞ்சகம் அல்ல. தவறினால் தண்டனை அவருக்கு. அந்தப் பணத்தை நம்பி அக்கரையில் அறைக்கு முன்பணம் கட்டுவதாகச் சொல்லிவைத்தவர்தான் திண்டாடுகிறார். இரண்டு மூன்று மாதச் செலவுக்குக் கையில் தனியாக வைத்துக்கொண்டு புறப்படுவதே அறிவுடைமை.

“பி.சி.பி. மாதாமாதம் பிடித்துவிட்டார்கள், என் கணக்கு முடிந்தது” என்று நினைப்பது அடுத்த பிழை. 1995 முதல் இருந்துவரும் இந்த மாதாந்திர வரிப் பிடித்தம், நீங்கள் ஆண்டு முழுவதும் அதே சம்பளம் வாங்குவீர்கள் என்று எண்ணிப் பிடிக்கப்படுவது. நம் 8,000 ரிங்கிட்காரரின் ஆண்டு வருமானம் 96,000 என்று கொண்டு, சொக்சோ எனும் சமூகப் பாதுகாப்புச் சந்தா போன்ற சிறு கழிவுகளை விட்டுவிட்டுப் பார்த்தால், மாதம் ஏறத்தாழ 514 ரிங்கிட் பிடிப்பார்கள். நான்கு மாதத்தில் 2,000க்கும் மேல். அவர் உண்மையில் கட்ட வேண்டியதோ ஒன்றுமில்லை என்று மேலே பார்த்தோம். அந்தப் பணம் முழுவதும் அவருக்குத் திரும்பி வர வேண்டியது. ஆனால் படிவம் அனுப்பினால்தான் வரும். வியாபாரம் இல்லாத குடியிருப்பாளருக்கு பி.இ. படிவம், கெடு மறு ஆண்டு ஏப்ரல் 30. குடியிருப்பாளர் அல்லாதவருக்கு எம். படிவம். திருப்பித் தரும் பணம் வந்து விழ ஒரு வங்கிக் கணக்கை இங்கே உயிரோடு வைத்திருங்கள். போகிற அவசரத்தில் எல்லாக் கணக்கையும் மூடிவிட்டுப் பின்னால் அல்லாடுகிறார்கள்.

பாக்கி வைத்துவிட்டுப் போகலாம் என்று மட்டும் யாரும் நினைக்க வேண்டாம். 104ஆம் பிரிவின்படி வரிப் பாக்கிக்காக ஒருவரை நாட்டை விட்டு வெளியேறாமல் தடுக்கலாம். மாதம் ஒருமுறை விமானம் ஏறுகிறவருக்கே அது தலைவலி. தினமும் எல்லை கடந்து பிழைப்பவருக்கு அது வேலையே போகிற விஷயம். பயணத் தடை இருக்கிறதா என்று குடிநுழைவுத் துறையின் இணையச் சேவையிலேயே பார்த்துக்கொள்ளலாம்.

அக்கரைக் கணக்கு

சிங்கப்பூரிலும் வரி ஆண்டு ஜனவரி முதல் டிசம்பர் வரைதான். அங்கே அளவு 183 நாள். தங்கிய நாளோடு வேலை செய்த காலத்தையும் பார்க்கிறார்கள். மே மாதம் சேர்ந்து ஆண்டு முடிய வேலையில் இருந்தால் தகுதி வந்துவிடும். செப்டம்பரில் சேர்ந்தாலும், இரண்டு ஆண்டுகளைத் தழுவிய தொடர்ச்சியான வேலை 183 நாளை எட்டினால் இரண்டு ஆண்டுக்கும் குடியிருப்பாளராகக் கொள்ளும் சலுகை உண்டு.

ஆபத்து இடையில் விட்டுவிட்டு வருபவருக்கு. மாதம் 4,000 சிங்கப்பூர் வெள்ளிக்குச் சேர்ந்து ஐந்து மாதத்தில் ஒத்துவராமல் திரும்பினால், அவர் அங்கே குடியிருப்பாளர் அல்லாதவர். 15 விழுக்காடு, அல்லது குடியிருப்பாளர் விகிதம், எது அதிகமோ அது. 20,000 வெள்ளிக்கு 3,000 வெள்ளி வரி. குடியிருப்பாளருக்கு முதல் 20,000 வெள்ளிக்கு வரியே இல்லை. திரும்பும்போது அங்கும் முதலாளி ஐ.ஆர். 21 படிவத்தை ஒரு மாதம் முன்னதாக அனுப்பிப் பணத்தை நிறுத்திவைப்பார்.

இன்னொரு வேறுபாடும் உண்டு. சிங்கப்பூரில் மாதாமாதம் வரி பிடிப்பதில்லை. பி.சி.பி.க்குப் பழகியவர் கையில் வரும் சம்பளம் முழுவதும் தமக்கே என்று நினைத்து கார் தவணை போட்டுவிடுகிறார். மறு ஆண்டு மொத்த வரிக்கும் கடிதம் வருகிறது. கைரோ எனும் வங்கித் தானியங்கிக் கழிவு வழியாகப் பன்னிரண்டு தவணையில் கட்டலாம். ஆனாலும் முதல் மாதத்திலிருந்தே ஒரு பங்கை ஒதுக்கிவைப்பவர் நிம்மதியாக இருப்பார்.

இரு கரையிலும் கால் வைத்தவர்

அப்படியானால் ஒருவர் ஒரே ஆண்டில் இரண்டு நாட்டிலும் குடியிருப்பாளர் ஆகலாமா? ஆகலாம். ஜோகூர்க்காரர் அடிக்கடி ஆகிறார். அதற்காகத்தான் இரு நாடுகளும் 2004இல் புதுப்பித்துக்கொண்ட இரட்டை வரித் தவிர்ப்பு ஒப்பந்தம் இருக்கிறது. நிரந்தர வீடு எங்கே, குடும்பமும் பொருளாதார உறவும் எங்கே நெருக்கம், வழக்கமாகத் தங்குவது எங்கே, குடியுரிமை எது என்று வரிசையாகக் கேட்டு அது ஒரு நாட்டைத் தீர்மானிக்கும்.

சிங்கப்பூரில் செய்த வேலைக்கான சம்பளம் மலேசியாவில் விளைந்த வருமானம் அல்ல. அதை வீட்டுக்கு அனுப்பினால்? 2022 முதல் குடியிருப்பாளர் நாட்டுக்குள் கொண்டுவரும் வெளிநாட்டு வருமானம் வரிக்கு உட்பட்டது. ஆனால் அது விளைந்த நாட்டில் வரிக்கு உட்பட்டிருந்தால் தனிநபருக்கு விலக்கு உண்டு. 2026 முடிய இருந்த அந்த விலக்கை 2025 வரவு செலவுத் திட்டம் 2036 டிசம்பர் 31 வரை நீட்டித்தது. ஆகவே பெற்றோருக்கு அனுப்பும் பணத்துக்கு இப்போதைக்கு அஞ்ச வேண்டாம்; அங்கே வரி மதிப்பீடு செய்த கடிதத்தைப் பத்திரப்படுத்துங்கள்.

அஞ்ச வேண்டியது வேறு. சிங்கப்பூர் நிறுவனத்தின் வேலையை வாரத்தில் இரண்டு நாள் ஸ்கூடாய் வீட்டிலிருந்து செய்கிறீர்கள். சம்பளம் எந்த நாட்டு வங்கியில் விழுகிறது என்பதைச் சட்டம் பார்க்காது. உழைப்பு எங்கே நடந்தது என்று பார்க்கும். மலேசிய மண்ணில் இருந்து செய்த வேலைக்கான பங்கு மலேசிய வருமானமாகலாம். ஒப்பந்தம் விலக்களிக்கிறதா என்பது அதன்படி நீங்கள் எந்த நாட்டுக் குடியிருப்பாளர், முதலாளி யார் என்பதைப் பொறுத்தது. அதுபோலவே, வாடகைக்கு விட்டுவிட்டுப் போன வீட்டின் வருமானம் எங்கே போனாலும் மலேசிய வருமானம்தான். தகுதி இழந்தவருக்கு அதிலும் 30 விழுக்காடு.

ஆண்டே மாறும் பயணங்கள்

இரு கரைக்கும் ஒரே காலண்டர் என்பதால் நம் தொல்லை பாதி. லண்டன் போகிறவருக்கு வரி ஆண்டு ஏப்ரல் 6இல் தொடங்குகிறது. ஆஸ்திரேலியாவில் ஜூலை முதல் தேதி. தமிழ்நாட்டிலிருந்து இங்கே வரும் பொறியாளருக்கு ஊரில் ஏப்ரல் முதல் மார்ச். வேலைக்காக வெளிநாடு புறப்படும் இந்தியக் குடிமகன் அந்த நிதியாண்டில் 182 நாள் இந்தியாவில் இருந்துவிட்டால் அங்கே குடியிருப்பாளர். உலகில் எங்கு ஈட்டியதையும் அங்கே காட்ட வேண்டும். ஏப்ரல் முதல் இடைவிடாமல் ஊரில் இருந்தவருக்கு செப்டம்பர் 28 வரை 181 நாள். மறுநாள் விமானம் ஏறினால் 182. சென்னையிலிருந்து இஸ்கந்தர் புத்ரிக்கு வருபவரின் பணிக்கடிதத்தில் சேரும் தேதியை நிர்ணயிக்கும்போது இந்த ஒரு நாளைப் பார்ப்பவர் குறைவு. அவர் இங்கே செப்டம்பர் இறுதியில் வந்தால் அந்த ஆண்டு 182 நாள் ஆகாது. ஆனால் அடுத்த ஆண்டின் தொடர் இருப்போடு இணைந்தால் இரண்டாம் வழியில் முதல் ஆண்டுக்கும் தகுதி பெறுவார். வந்த முதல் டிசம்பரிலேயே நீண்ட விடுப்பில் ஊருக்குப் போகாமல் இருந்தால்.

நாம் செய்யக்கூடியவை

2025 ஜனவரியில் ஜோகூர்–சிங்கப்பூர் சிறப்புப் பொருளியல் மண்டலத்துக்கான ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. தகுதியுள்ள அறிவுசார் ஊழியருக்கு அங்கே பத்தாண்டுக்கு 15 விழுக்காட்டு வரி. புக்கிட் சாகாரிலிருந்து உட்லண்ட்ஸ் நார்த்துக்கு நான்கு கிலோமீட்டர் ஆர்.டி.எஸ். ரயில் பாதையும் எழும்பியிருக்கிறது. போகிறவர்கள் மட்டுமல்ல, ஆண்டின் நடுவில் திரும்புகிறவர்களும் பெருகப்போகிறார்கள்.

ஒருவர் நாட்டை விட்டுப் போகும் ஆண்டையும் நாட்டுக்கு வரும் ஆண்டையும் பிரிட்டன் இரண்டாகப் பிளந்து பார்க்கும் முறையை 2013இல் சட்டமாகவே எழுதி வைத்தது. எல்லையில் வாழும் மாநிலத்தைக் கொண்ட மலேசியா அதை ஆராய்வது நியாயம். மூன்று மாதம் உழைத்தவரிடம் கழிவே இல்லாமல் 30 விழுக்காடு வாங்குவது வரியின் தத்துவத்துக்கே பொருந்தவில்லை. வருமானத்துக்கு ஏற்ற வரி என்பதுதானே அதன் அடிப்படை. இதை நம் சட்டமன்ற, நாடாளுமன்றப் பிரதிநிதிகளிடம் கேட்கலாம்.

சட்டம் மாறும்வரை காத்திருக்க வேண்டாத வேலையும் ஒன்று உண்டு. வரிப் படிவங்கள் மலாயிலும் ஆங்கிலத்திலும் இருக்கின்றன. தமிழில் நான்கு பக்கத் துண்டுப்பிரசுரம் ஒன்றை இந்த அறக்கட்டளையே வெளியிடலாம். மார்ச், ஏப்ரல் மாத ஞாயிறு மாலைகளில் தமிழ்ப்பள்ளி மண்டபத்தில் இரண்டு கணினியும் விவரம் தெரிந்த இரண்டு இளைஞர்களும் இருந்தால் போதும். வருகிறவரிடம் அவர்கள் முதலில் சம்பளத்தைக் கேட்க வேண்டியதில்லை. எந்தத் தேதியில் போகிறீர்கள், அதற்கு முன் எங்கெல்லாம் போயிருந்தீர்கள் என்று கேட்டால் போதும். மற்றவை அதிலிருந்து வரும்.

விகிதங்களும் கெடுக்களும் ஒவ்வொரு வரவு செலவுத் திட்டத்திலும் மாறக்கூடியவை. நான் சொன்ன எண்களை உங்கள் ஆண்டுக்குச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். ராஜினாமாக் கடிதத்தில் தேதி போடுவதற்கு முந்தைய இரவு, காலண்டரை எடுத்து வைத்து நாட்களை எண்ணிவிட்டுத் தேதியைப் போடுங்கள்.